எண்ணச் சுழற்சி நோயை வளர்க்கும் சிந்தனைப் பழக்கங்கள்: அடையாளம் காண்பதும் தளர்த்துவதும்

சமையலறையில் மீன் வெட்டிக்கொண்டிருக்கும் ஓர் இளம் தாயின் மனத்தில், அருகே பாயில் படுத்திருக்கும் குழந்தையை இந்தக் கத்தியால் குத்திவிடுவேனோ என்ற எண்ணம் திடீரென்று எழுகிறது. இப்படியான எண்ணம் பல தாய்மாருக்கு வருவதுண்டு. ஒருத்தி, இது என்ன கண்றாவி எண்ணம் என்று தலையை உதறிவிட்டு மீனைத் தொடர்ந்து வெட்டுகிறாள். மற்றொருத்தியோ, நல்ல தாய்க்கு இப்படித் தோன்றுமா, தோன்றியதென்றால் என்னுள் ஏதோ கொடூரம் இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்துக் கத்தியை அலுமாரியில் பூட்டி வைக்கிறாள். அடுத்த நாள் முதல் மீன் வெட்டுவது மாமியாரின் வேலையாகிறது. சில வாரங்களில், குழந்தையுடன் தனியே இருப்பதற்கே அவள் அஞ்சத் தொடங்குகிறாள். இருவருக்கும் வந்த எண்ணம் ஒன்றே. அதற்கு அவர்கள் கொடுத்த பொருளும், அதன்பின் செய்த செய்கையும்தான் வேறு.

ஓசிடி என்று பலரும் அறிந்துள்ள எண்ணச் சுழற்சி நோயின் உளவியல் விளக்கம் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. அந்த வேறுபாட்டை ஒருவர் தம்மிடத்திலோ தம் வீட்டாரிடத்திலோ எவ்வாறு கண்டுகொள்வது, கண்டுகொண்டபின் என்ன செய்வது என்பதை இங்கே விளக்க முனைகிறேன். சிந்தனைப் பழக்கம் மட்டுமே இந்நோய்க்குக் காரணம் என்று சொல்ல முடியாது. பரம்பரைக்கும் மூளையின் இயக்கத்துக்கும் அதில் பங்குண்டு. ஆனால் ஒருவர் தம் கையாலேயே மாற்றக்கூடிய பகுதி சிந்தனையிலும் செய்கையிலும்தான் இருக்கிறது.

எண்ணம் வருவது நோயல்ல

1978ஆம் ஆண்டில் ஸ்டான்லி ராக்மன் என்ற உளவியலாளரும், இலங்கையில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய பத்மால் டி சில்வாவும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். எந்த மனநோயும் இல்லாத 124 பேரிடம், விரும்பாமலே மனத்தில் புகும் எண்ணங்கள் உங்களுக்கு உண்டா என்று அவர்கள் கேட்டபோது, ஏறத்தாழ 80 வீதமானோர் உண்டு என்றனர். ஒருவரைத் தாக்குவது, தெய்வத்தை நிந்திப்பது, தகாத பாலியல் காட்சி, அசுத்தம் ஒட்டிக்கொண்டது போன்ற உணர்வு என்று அவர்கள் சொன்னவை, நோயாளிகள் சொன்னவற்றை உள்ளடக்கத்தில் பெரிதும் ஒத்திருந்தன. நோயாளிகளிடத்தில் அவை அடிக்கடி வந்தன, நெடுநேரம் நீடித்தன, அதிக வேதனை தந்தன, வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே "இந்த எண்ணம் ஏன் வந்தது?" என்று ஆராய்ந்துகொண்டிருப்பதை முதலில் விட்டுவிட வேண்டும். நோயாளிகள் தங்கள் நேரத்தின் பெரும்பகுதியை இழப்பது இந்தக் கேள்வியில்தான். "அது வந்தவுடன் நான் அதற்கு என்ன பொருள் கொடுத்தேன்?" என்பதே பயன் தரும் கேள்வி.

நோயை வளர்க்கும் சிந்தனைப் பழக்கங்கள்

பல நாட்டு ஆய்வாளர்கள் கூடிய ஒரு குழு 1997இல் இத்தகைய பழக்கங்களை ஆறாக வகுத்தது: மிகைப்பட்ட பொறுப்புணர்வு, எண்ணத்துக்கு மிகையான முக்கியத்துவம், எண்ணங்களை அடக்கியே தீர வேண்டும் என்ற நம்பிக்கை, ஆபத்தை மிகையாக மதிப்பிடுதல், நிச்சயமின்மையைத் தாங்க முடியாமை, குறையற்ற ஒழுங்கை நாடுதல். ஆறையும் சமமாக விளக்கத் தேவையில்லை. எனது பார்வையில் முதல் இரண்டே வேர். மற்றவற்றுட் பல அவற்றைப் பின்தொடர்ந்து வருபவை.

பொறுப்புணர்வை மையமாக வைத்து இந்நோயை விளக்கியவர் பிரித்தானிய உளவியலாளர் போல் சால்கோவ்ஸ்கிஸ், ஆண்டு 1985. அவரது விளக்கத்தை நமது கிழக்கிலங்கை வீதியில் வைத்தே பார்க்கலாம். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு மோட்டார் சைக்கிளில் வரும் ஒருவருக்குக் களுவாஞ்சிகுடி அருகே வண்டி சற்றுக் குலுங்குகிறது. பள்ளமொன்றில் சில்லு இறங்கியிருக்கும். ஆனால் அவர் மனம், யாரையாவது தட்டிவிட்டேனோ என்று கேட்கிறது. அத்துடன் நில்லாமல், தட்டியிருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியபின் திரும்பிப் பார்க்காமல் போனால் அந்த உயிருக்கு நானே பொறுப்பு என்றும் சொல்கிறது. அவர் திரும்பி வந்து வீதியைப் பார்க்கிறார். யாரும் இல்லை. ஆரையம்பதியைக் கடக்கும்போது, வீதியோரப் பற்றைக்குள் விழுந்து கிடந்தால் எனக்குத் தெரிந்திருக்காதே என்று அடுத்த சந்தேகம் எழுகிறது. தீங்கைச் செய்வதற்கு மட்டுமல்ல, தடுக்காமல் விடுவதற்கும், தடுக்கலாம் என்று நினைத்தும் தடுக்காமல் விடுவதற்கும் முழுப் பழியும் தனக்கே என்ற நம்பிக்கைதான் இங்கே வேலை செய்கிறது. இத்தகையவர்கள் பெரும்பாலும் மிகுந்த மனச்சாட்சி உள்ளவர்கள் என்பதை வீட்டார் மறக்கக் கூடாது.

இரண்டாவது பழக்கமான, எண்ணத்துக்கு மிகையான முக்கியத்துவம் கொடுத்தல், எண்ணத்தையும் செயலையும் ஒன்றாகக் கருதுவதாக வெளிப்படுகிறது. இதற்கு இரு முகங்கள் உண்டு. நினைத்தால் நடந்துவிடும் என்பது ஒன்று. கடலுக்குச் சென்ற கணவனைப் பற்றித் தீயதாக நினைத்துவிட்டேன், அவருக்கு ஏதாவது நேர்ந்தால் என் நினைப்பே காரணம் என்று அஞ்சும் பெண்ணிடம் இதைக் காணலாம். நினைத்ததே செய்ததற்குச் சமமான பாவம் என்பது மற்றொன்று. மாமாங்கேஸ்வரர் சந்நிதியில் கண்மூடி நிற்கையில் தெய்வத்தைப் பற்றி இழிவான சொல் மனத்தில் எழுந்துவிட, அன்று முதல் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிடும் பக்தர் இந்த வகையினர். காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ தொழுகைக்கு நிற்கும் ஒருவருக்கும் இதே துன்பம் வரும். முஸ்லிம்கள் அதனை வஸ்வாஸ் என்று நெடுங்காலமாக அறிந்தே வைத்திருக்கிறார்கள். உள்ளத்தில் எழும் ஊசலாட்டங்களை, அவற்றைச் சொல்லாகவோ செயலாகவோ ஆக்காத வரையில் இறைவன் மன்னித்துவிடுகிறான் என்ற நபிமொழியும், உறுதியாகத் தெரிந்தது சந்தேகத்தால் நீங்காது என்ற மார்க்கச் சட்ட விதியும், இன்றைய உளவியல் சொல்வதற்கு மிக அருகில் நிற்கின்றன. ஆனால் அந்த விதியை ஒரு முறை கேட்டுத் தெளிந்து அதன்படி நடப்பது வேறு. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒவ்வொரு வுழூவுக்குப் பின்னும் மௌலவிக்குத் தொலைபேசி எடுத்து, இது செல்லுமா என்று கேட்பது வேறு. பின்னது நோயின் ஒரு பகுதி.

வழக்கத்துக்கும் நோய்க்கும் இடையிலான கோட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். செத்தவீட்டுக்குப் போய் வந்தால் துடக்குக் கழிய ஒரு தடவை தோய்வது வழக்கம். வழக்கத்துக்கு ஒரு முடிவு உண்டு, அந்த முடிவை ஊரே அறியும். நோய்க்கு முடிவு கிடையாது. ஒரு தடவை தோய்ந்தபின், தண்ணீர் எல்லா இடமும் பட்டதா, வாளி வேலியில் முட்டியதா என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஆபத்தை மிகையாக மதிப்பிடும் பழக்கத்தைப் பற்றி நமது பிரதேசத்தில் எச்சரிக்கையுடன்தான் பேச வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியின் பின் நாவலடியிலோ மருதமுனையிலோ வாழும் ஒருவரிடம், கடலுக்கு அஞ்சாதே என்று சொல்வது அறிவுடைமையாகாது. போர்க்காலத்தில் இரவு கதவைப் பலமுறை பார்த்தவர்கள் நோயாளிகளல்லர். 2021இன் இறுதியில் சமையல் எரிவாயு வெடிப்புகள் நாடெங்கும் செய்தியானபோது, எரிவாயு மணம் வந்தாலே திடுக்கிட்டவர்களும் நோயாளிகளல்லர். சூழலில் ஆபத்துக் குறைந்தவுடன் அச்சமும் தானாகக் குறைகிறதா, அல்லது மற்றவர்கள் சாதாரண நிலைக்குத் திரும்பிய பின்பும் சரிபார்த்தல் கூடிக்கொண்டே போகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

எரிவாயுவைப் பற்றியே ஒரு சோதனையும் உண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்செல் வான் டென் ஹூட், மேரல் கிண்ட் ஆகிய இருவர், கணினித் திரையில் காட்டப்பட்ட எரிவாயு அடுப்பை நலமுள்ள மாணவர்களைக் கொண்டு திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் செய்து, அதன் முடிவை 2003இல் வெளியிட்டனர். பலமுறை சரிபார்த்தவர்களின் ஞாபகம் பிழைக்கவில்லை. ஆனால் அந்த ஞாபகத்தின் தெளிவும் அதில் அவர்களுக்கிருந்த நம்பிக்கையும் குறைந்துபோயின. நிச்சயம் தேடிச் சரிபார்ப்பவர் நிச்சயத்தையே இழக்கிறார். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று மனம் கேட்கும்போது நினைவுகூர வேண்டிய செய்தி இது.

எண்ணத்தை அடக்குவதைப் பற்றி இரண்டு வசனம் போதும். வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம் என்று 1987இல் டானியல் வெக்னர் தம் சோதனையில் பங்குபற்றியோரிடம் சொல்ல, அவர்களால் ஐந்து நிமிடம்கூட நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒழுங்கை நாடும் பழக்கம், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவரிடத்தில், ஒரே பக்கத்தைக் கிழித்துக் கிழித்து மீண்டும் எழுதுவதாகவும், வாசித்த வரி சரியாக விளங்கியதா என்று முதலிலிருந்து வாசிப்பதாகவும் வெளிப்படும். ஆசிரியர்கள் அதை அக்கறை என்று பாராட்டிவிடுவதும் உண்டு.

கொப்பியில் எழுதிப் பார்த்தல்

ஒரு கொப்பியை எடுத்து, பக்கத்தை நான்கு நிரல்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவதில் என்ன நடந்தது என்பதையும், இரண்டாவதில் எந்த எண்ணம் வந்தது என்பதையும், மூன்றாவதில் அந்த எண்ணம் வந்ததை நீங்கள் எவ்வாறு பொருள் கொண்டீர்கள் என்பதையும், நான்காவதில் உடனே என்ன செய்தீர்கள் என்பதையும் எழுத வேண்டும். மோட்டார் சைக்கிளில் வந்தவரின் பக்கம் இப்படி அமையும்: "களுவாஞ்சிகுடியில் வண்டி குலுங்கியது" என்பது முதலாவது, "ஒருவரைத் தட்டிவிட்டேனோ" என்பது இரண்டாவது, "சந்தேகம் வந்தபின் பார்க்காமல் போனால் நான் கொலைகாரன்" என்பது மூன்றாவது, "திரும்பிப் போய்ப் பார்த்தேன், இரவு செய்தியிலும் தேடினேன்" என்பது நான்காவது.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரித்து எழுதுவது தொடக்கத்தில் கடினமாக இருக்கும், ஏனெனில் நோயாளிக்கு அவை இரண்டும் ஒன்றாகவே தோன்றும். "இந்த எண்ணம் எனக்கு வந்தது என்னைப் பற்றி என்ன சொல்வதாக நினைத்தேன்? ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகும் என்று அஞ்சினேன்?" என்று கேட்டால் மூன்றாவது வெளிப்படும். நான்காவதில் கையால் செய்தவற்றை மட்டுமன்றி மனத்தால் செய்தவற்றையும் எழுத வேண்டும்: உள்ளுக்குள் எண்ணுவது, கெட்ட நினைவை நல்ல நினைவால் அழிப்பது, நடந்ததை மனத்திரையில் மீண்டும் ஓட்டிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்டு ஒரே மந்திரத்தைச் சரியாக வரும் வரை சொல்வது. வெளியே ஒன்றும் தெரியாத நோயாளிகள் பலர் இங்கேதான் ஒளிந்திருக்கிறார்கள். நாளுக்கு இரண்டு அல்லது மூன்று சம்பவங்கள் எழுதினால் போதும். எல்லாவற்றையும் விடாமல் எழுத வேண்டும் என்ற உந்துதல் வந்தால், கொப்பியும் ஒரு சடங்காக, அதாவது அச்சத்தைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் செய்கையாக, ஆகிவிட்டது என்று கொள்க.

கொடுத்த பொருளைச் சோதித்தல்

பொறுப்புணர்வு மிகுந்தவர்கள் ஒரு வட்டம் வரைந்து பார்க்கலாம். அஞ்சிய விபத்து உண்மையாகவே நடந்ததாக வைத்துக்கொண்டு, அதற்குப் பங்களிக்கக்கூடிய ஏனைய அனைத்தையும் முதலில் வட்டத்துக்குள் குறிக்க வேண்டும்: வீதியின் பள்ளம், தெருவிளக்கு இன்மை, எதிரே வந்த பஸ், குறுக்கே வந்தவரின் கவனம், மழை. ஒவ்வொன்றுக்கும் உரிய பங்கைக் கொடுத்தபின், கடைசியில்தான் தன் பங்கைப் போட வேண்டும். நூறு வீதம் என்று தொடங்கியவருக்கு எஞ்சுவது ஒரு சிறு துண்டாகவே இருக்கும்.

நினைத்தால் நடந்துவிடும் என்று அஞ்சுபவர் அதைச் சிறியதொரு சோதனையாக்கலாம். முதலில், என் வீட்டு மின்விசிறி இந்த வாரம் பழுதாக வேண்டும் என்று நாள்தோறும் சில நிமிடம் மனமார நினைத்து, வார முடிவில் பார்ப்பது. பிறகு, தனக்கே இலேசான தலைவலி வரட்டும் என்று நினைப்பது. நேசிப்பவர்களைப் பற்றிய எண்ணங்களுக்கு இந்தச் சோதனையை நீட்டுவது வலிமிக்கது. அதைச் சிகிச்சையளிப்பவருடன் சேர்ந்தே செய்வது நல்லது.

இந்தப் பயிற்சிகளை ஒரு சிந்தனைப் பழக்கத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை செய்து தெளிந்தபின் நிறுத்திவிட வேண்டும். எண்ணம் வரும் ஒவ்வொரு முறையும் வட்டம் வரைந்து, நான் பிழை செய்யவில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டால், அது நான்காம் நிரலில் எழுத வேண்டிய செய்கையாக மாறிவிடும். எண்ணத்துடன் வாதிட்டு வெல்வது இங்கே நோக்கமன்று; அதற்குப் பதில் சொல்லாமல் வேலையைத் தொடர்வதே நோக்கம்.

செய்கையை நிறுத்திப் பழகுதல்

சிந்தனையை மாற்றுவதில் வாதத்தைவிட அனுபவமே வலிமையானது. 1966இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இலண்டன் வைத்தியசாலையொன்றில் இரு நோயாளிகளை, அவர்கள் அஞ்சியவற்றுக்கு நேரே கொண்டுவந்து, சடங்கைச் செய்யவிடாமல் இருத்திக் குணம் காட்டினார். அன்று தொடங்கிய அம்முறை இன்றும் இந்நோய்க்கான முதன்மையான உளவியல் சிகிச்சையாக இருக்கிறது.

சடங்கு ஒன்றைச் செய்யும்போது மனம் உடனே ஆறுகிறது. ஆனால் அந்த ஆறுதல் மீற்றர் வட்டிக்கு வாங்கிய பணம் போன்றது. இன்றைய இடர் தீரும், நாளை தவணை கூடும். சடங்கைச் செய்யாமல் இருந்தால் அச்சம் முதலில் ஏறும், பிறகு யாரும் ஒன்றும் செய்யாமலே தணியும், அல்லது தணியாவிட்டாலும் அதைத் தாங்கிக்கொண்டு வேலை பார்க்க முடிகிறது என்பது தெரியவரும். செய்யாமல் விட்டும் தீங்கு நேரவில்லை என்பதை உடல் கற்றுக்கொள்வது இவ்வாறுதான்.

அஞ்சும் செயல்களை இலகுவானதிலிருந்து கடினமானது வரை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து நூறு வரை அச்சத்தின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கை கழுவும் தொல்லை உள்ள ஒருவரின் வரிசையில், வீட்டுக் கதவின் பிடியைத் தொட்டுவிட்டு அரை மணிநேரம் கழுவாதிருப்பது முப்பதாகவும், கடையில் வாங்கிய மிச்சக் காசை எண்ணியபின் கழுவாமல் புத்தகம் வாசிப்பது நாற்பத்தைந்தாகவும், பஸ்ஸின் கம்பியைப் பிடித்து வந்தபின் சட்டை மாற்றாமல் கட்டிலில் அமர்வது எழுபதாகவும் இருக்கலாம். முப்பது, நாற்பது அளவிலிருந்து தொடங்கி, ஒரே படியை நாள்தோறும் செய்து, அது சலிப்பாக மாறும்போது அடுத்த படிக்குப் போகலாம். மலசலகூடம் சென்றபின்பும் சாப்பாட்டுக்கு முன்பும் சவர்க்காரமிட்டுக் கழுவுவதை யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. பக்கத்து வீட்டார் செய்கிற அளவே அளவுகோல். வுழூ, தோய்தல் போன்றவற்றிலும் சமயம் விதித்த எண்ணிக்கையோடு நிற்பதே பயிற்சி. சமயத்தைக் கைவிடுவது அல்ல.

கத்தியை ஒளித்துவைத்த தாயின் வரிசை, கத்தியை மேசையில் வைத்துவிட்டு அதே அறையில் இருப்பதில் தொடங்கி, குழந்தை அருகில் இருக்கையில் மரக்கறி வெட்டுவதில் முடியும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: எண்ணம் அவளுக்கு அருவருப்பையும் அச்சத்தையும் தருவதாக இருக்க வேண்டும். அந்த எண்ணம் நியாயமானது என்று தோன்றினாலோ, குழந்தைக்குத் தீங்கு செய்யும்படி குரல் கேட்டாலோ, பிரசவத்தின் பின் தூக்கமின்றிக் குழம்பிய நிலை இருந்தாலோ, அது வேறு நோய்; குழந்தையை வேறொருவர் பொறுப்பில் விட்டு, அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்ல வேண்டும்.

வீட்டார் செய்யக்கூடியது

நமது வீடுகளில் இந்நோய் தனியொருவருடையதாக இருப்பதில்லை. மகள் கேட்கிறாள் என்று தாய் கேற்றைப் பார்த்து வருவார். கணவன் வாசலிலேயே உடுப்பைக் கழற்றுவார். பாட்டி, ஒன்றும் நடக்காது மகள் என்று நாளுக்கு இருபது தடவை சொல்வார். அன்பினால் செய்யப்படும் இவை அனைத்தும், சந்தேகத்துக்கு வெளியிலிருந்து விடை கிடைத்தே ஆக வேண்டும் என்ற நம்பிக்கையை உறுதிப்படுத்துகின்றன. ஒரேயடியாக மறுத்துச் சண்டை பிடிப்பதும் பயன் தராது. நோயாளி அமைதியாக இருக்கும் நேரத்தில், இனிமேல் இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று அவருடன் பேசி உடன்பட்டு, அதன்பின் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். "இஞ்ச பாருங்க மகள், இதுக்குப் பதில் சொல்றதில்ல எண்டு நாம கதைச்சம்தானே, வாங்க, தேத்தண்ணி குடிப்பம்" என்று சொல்லும் தாய், மறுக்கவும் செய்கிறார், உடனிருக்கவும் செய்கிறார்.

நூல் கட்டுவது, ஓதிப் பார்ப்பது, கட்டாடியாரிடம் போவது ஆகியவற்றைப் பற்றிக் குடும்பங்கள் கேட்பதுண்டு. நம்பிக்கையை நான் இங்கே எடைபோடவில்லை. ஆயினும் அந்த எண்ணம் வெளியிலிருந்து ஏவப்பட்டது என்று நோயாளியிடம் சொல்லப்படும்போது, ஏற்கெனவே எண்ணத்துக்கு மிகையான முக்கியத்துவம் கொடுத்துத் துன்பப்படுபவருக்கு அது இன்னும் பாரமாகிறது. சிகிச்சையும் மாதக்கணக்கில் பின்தள்ளப்படுகிறது.

எப்போது வைத்தியரை நாடுவது

எண்ணங்களும் சடங்குகளும் நாளில் ஒரு மணிநேரத்துக்கு மேல் எடுக்கின்றன என்றாலோ, படிப்பையும் தொழிலையும் உறவையும் கெடுக்கின்றன என்றாலோ தாமதிக்க வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உள்ளது. அரச வைத்தியசாலைகளில் இந்தச் சிகிச்சை இலவசம். தற்கொலை எண்ணம் இருந்தால், அல்லது எங்கே போவதென்று தெரியாவிட்டால், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். வைத்தியரிடம் எண்ணத்தின் உள்ளடக்கத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, "நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது" என்று மட்டும் சொல்லி வருபவர்கள் பலர். கொப்பியில் எழுதிய ஒரு பக்கத்தை அவரிடம் நீட்டினாலே போதும்.

புளுஒக்செற்றின், சேட்ரலின், புளுவொக்சமின், குளோமிப்ரமின் போன்ற மருந்துகள் இந்நோய்க்குக் கொடுக்கப்படுகின்றன. மனச்சோர்வுக்குத் தருவதைவிட உயர்ந்த அளவு தேவைப்படுவதும், பயன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆவதும் வழமையானவை. இரண்டாம் வாரத்தில் பலனில்லை என்று கைவிடுவதுதான் பெரும்பாலும் நிகழும் தவறு. இவை அடிமைப்படுத்தும் மருந்துகள் அல்ல, ஆனால் திடீரென நிறுத்தக் கூடாது. மருந்தையும் மேலே சொன்ன பயிற்சியையும் சேர்த்துச் செய்வதில் தடையேதும் இல்லை.

குணம் கண்டபின்பும் பரீட்சைக் காலம், பிரசவம், வீட்டில் ஒரு மரணம், வெளிநாட்டுப் பயணம் போன்ற நேரங்களில் நோய் மீண்டும் எட்டிப் பார்ப்பதுண்டு. அப்போது புதிய எண்ணமொன்று, புதிய விடயமொன்றைப் பற்றியதாக வரலாம். கை கழுவியவர் இம்முறை அடுப்பைச் சரிபார்க்கலாம். கொப்பியை மீண்டும் எடுத்து, மூன்றாம் நிரலில் பழைய பொருளே எழுதப்படுகிறதா என்று பார்த்து, பழைய வரிசையைப் போன்ற ஒன்றைப் புதிய விடயத்துக்குத் தயாரித்து, அதன் நடுப்படியிலிருந்து அந்த வாரமே தொடங்குவது நல்லது.